கத்திரிக்காய் ஏன் பாட்டிலுக்குள்ள போகல?

போன பட்டத்துல கத்திரிக்காய் விலை விழுந்துடுச்சு. பறிக்கிற கூலிக்கே கட்டாதுன்னு பாதியைச் செடியிலேயே விட்டுட்டேன். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரப் பையன் பார்த்துட்டு, "மாமா, மாங்காயை அடைக்கிற மாதிரி இதையும் வேகவெச்சு பாட்டில்ல அடைச்சு வித்தா என்ன?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான்.

அடைச்சு வைக்கிற வித்தையைக் கண்டுபிடிச்சவர் பிரான்ஸ்ல மிட்டாய் செஞ்சுக்கிட்டிருந்த நிக்கோலா அப்பேர். பண்டத்தைக் கண்ணாடிப் பாட்டில்ல போட்டு, தக்கையை இறுக்கி, கொதிக்கிற தண்ணியில வெச்சாரு. 1810-ல அந்த நாட்டு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்துச்சு. அதே வருஷம் லண்டன்ல பீட்டர் டூரண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினாரு. பண்டம் ஏன் கெடலைங்கிறது அப்போ யாருக்கும் தெரியாது. பாஸ்டர் வந்து கிருமியைக் காட்ட இன்னும் அம்பது வருஷம் ஆச்சு.

1895-ல பெல்ஜியத்துல எல்லெசெல்ங்கிற ஊர்ல, எழவுக்கு வாசிக்க வந்த வாத்தியக்காரங்க உப்புப் போட்ட பன்னித் தொடைக்கறியைச் சாப்பிட்டு மூணு பேர் செத்தாங்க. எர்மெங்கெம்ங்கிற விஞ்ஞானி அந்தக் கறியிலதான் பொட்டுலினம் கிருமியைப் பிடிச்சாரு. அது மண்ணுல இருக்கிற கிருமி, நம்ம காய் விளையற அதே மண்ணு. காத்து இருக்கிற இடத்துல சும்மா கிடக்கும். காத்தை அடைச்சா வளர்ந்து விஷம் கக்கும். அதோட வித்து 100 டிகிரி கொதிநிலையில சாகாது. 121 டிகிரி வேணும், அதுக்கு அழுத்தம் வேணும்.

ஆனா புளிப்புக்கு அது பயப்படும். பி.எச். 4.6-க்குக் கீழ இருந்தா (எண் குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி) வளராது. மாங்காய் அதுக்கு ரொம்பக் கீழ. கொதிக்க வெச்சாலே போதும். தக்காளி எல்லையில நிக்குது, அதனாலதான் எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்றாங்க. கத்திரி, வெண்டை, அவரை, கீரை எல்லாம் எல்லைக்கு மேல.

சரி, 121 டிகிரியிலயே வைப்போம்னா கத்திரிக்காய் கூழாயிடும். பட்டாணி தாங்குது, இது தாங்காது. பரங்கிக்காயை மசிச்சு அடைச்சா நடுவுக்குச் சூடு போய்ச் சேராது. அமெரிக்காவுல வீட்டுக்காரங்களைத் துண்டு போட்டு மட்டும் அடைக்கச் சொல்றாங்க. வீட்டுக் குக்கர்ல நாலு விசில் விட்டா ஆகாதான்னு கேக்காதீங்க. எவ்வளவு நேரம்ங்கிறது காய்க்குக் காய், பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். விஷம் வாசனையிலயும் தெரியாமப் போகும்.

எண்ணெயும் காத்தை அடைக்கும். 1985-ல கனடாவுல வான்கூவர்ல, எண்ணெயில போட்டு வெச்ச பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் படுத்தாங்க. நம்ம பூண்டு ஊறுகாய்ல எலுமிச்சையும் உப்பும் இருக்கே, அது ருசிக்கு மட்டும் இல்ல.

எங்க பக்கம் காத்தை அடைக்கல, தண்ணியை எடுத்தாங்க. கொத்தவரை வத்தல், சுண்டைக்காய் வத்தல், மோர் மிளகாய் எல்லாம் அந்த வழிதான். குச்சிக்கிழங்கு பிடுங்கின ரெண்டு மூணு நாள்ல உள்ளே கறுத்துடும். ரெண்டாம் உலகப் போர்ல மலாயா ஜவ்வரிசி வரத்து நின்னப்ப, சேலத்துல அதை மாவாக்கிக் காயவெச்சு ஜவ்வரிசி பண்ண ஆரம்பிச்சாங்க. 1981-ல சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு. கிழங்குக்கு அப்படி ஒரு வழி கிடைச்சுது, கத்திரிக்கு இன்னும் இல்ல.

பையன் ஊருக்குப் போறதுக்குள்ள ரெண்டு கூடை நறுக்கி, உப்புத் தண்ணியில அரைவேக்காடா எடுத்து, பாயில காயப் போட்டோம். மூட்டம் போட்டா பூஞ்சணம் பூத்துடும், நல்லவேளை வெயில் இருந்துச்சு. மிச்சத்தை மாடு தின்னுச்சு.