படியும் காந்தாங்கும்

சிலாங்கூர் ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தானைச் சூழ்ந்த கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களுக்கு வந்த தமிழர், தம்முடன் படியையும் ஆழாக்கையும் மனத்திற் கொண்டு வந்தனர். வந்த இடத்திலோ காந்தாங், சூப்பாக் என்னும் முகத்தலளவைகளும் தாகில், காத்தி, பிக்குல் என்னும் நிறுத்தலளவைகளும் வழங்கின. மலாய் மொழியில் ‘பாடி’ என்பது நெல்லின் பெயர். தமிழிலோ படி என்பது நெல்லை அளக்கும் கருவி. முதல் தலைமுறையினர் இதிலேயே சிறிது தடுமாறியிருத்தல் கூடும்.

அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாகும் எழுத்துக்கள் ஒன்பது எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. மேற்கூறிய மலாய்ச் சொற்கள் ஐந்தும் அவ்வொன்பதனுள் அடங்கிய ககர, சகர, தகர, பகரங்களிலேயே தொடங்குகின்றன! இது தற்செயலே, எனினும் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்குச் சுவையான எடுத்துக்காட்டாகும்.

இனி, கணக்கு. சென்னைப் படி 93¾ கன அங்குலம். எட்டு ஆழாக்குக் கொண்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் காந்தாங் ஒரு காலன் என நிலைபெற்றது. அஃதாவது ஏறத்தாழ 277¼ கன அங்குலம். எனவே மூன்று படிக்கு ஒரு காந்தாங், மயிரிழை குறைவாக. காந்தாங்கில் நான்கில் ஒன்றாகிய சூப்பாக், ஏறக்குறைய ஆறு ஆழாக்கு. எழுத்தறியாத தாய்மாரும் இவ்வளவை மனக்கணக்காய்ப் போட்டுவிடலாம்.

முகத்தலை நிறுத்தலாக மாற்றும்போதுதான் இடர்ப்பாடு எழுகிறது. காத்தி 1⅓ பவுண்டு. காலன் தண்ணீர் 10 பவுண்டாதலின், ஒரு காந்தாங் நீர் ஏழரைக் காத்தி நிற்கும். அரிசியோ ஆறு காத்தி அளவே. உமியோடு கூடிய நெல் நாலு காத்திக்குச் சற்று மேல். பாத்திரம் ஒன்றே; பொருள்தோறும் எடை வேறு. போதாக்குறைக்கு, தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்னும் வழக்கு வேறு. அளப்பவன் கையில் பிறர் வயிறு இருந்த காலம் அது. 1920-களில் இந்தியத் தொழிலாளர்க்கு நியமக் கூலி வகுக்கப்பட்டபோது, மாதச் செலவுக் கணக்கே அதற்கு அடிப்படையாயிற்று. அக்கணக்கில் அரிசியே தலையாயது. ஆதலின் அளவில் நேரும் குறை, கூலியில் நேரும் குறையேயாகும்.

அளவையின் நேர்மையைப் பண்டைத் தமிழர் எளிதாகக் கருதவில்லை. இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் நெல்லளந்த மரக்காலும் பொன் நிறுத்த கல்லும் ‘ஆடவல்லான்’ என்னும் இறைவன் பெயரையே பெற்றுள்ளன. தோட்டத்து அளவைக்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை.

அடுக்களையில் இச்சிக்கல் பெரிதும் இல்லை. இட்டலிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்றால், எந்தப் பாத்திரமும் படியாகும். மலாயாத் தமிழ் வீடுகளில் அந்தப் பாத்திரம் பெரும்பாலும் வெறும் பால் டின். 14 அவுன்ஸ் கெட்டிப்பால் அடைத்துவந்த அந்த டின், அரிசியில் ஒன்பது அவுன்சுக்குச் சற்று மேலேதான் கொள்ளும். டின்னின்மேல் அச்சிட்ட எடையை நம்பிக் கடைக்காரரோடு வாதிட்டால் தோல்வி உறுதி.

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் மெட்ரிக் முறையைக் கொணர்ந்தன. காத்தி 604.79 கிராமாயிற்று, படி ஏறத்தாழ ஒன்றரை லிட்டராயிற்று. கடைத் தராசு மாறியபின்னும், அரிசிப் பானைக்குள் பால் டின் கிடந்தது.