24 ரவுண்டும் 3 நிமிடமும்

ஆட்டத்தைச் சுருக்கலாமா என்ற வாதம் எழுந்தாலே பேச்சு நிமிடக் கணக்கில் போய் நின்றுவிடுகிறது. 2023-இல் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு, முந்தைய பதிப்பின் 30 ரவுண்டுகளை 24 ஆக்கியது. வெற்றிக்கு 16 வேண்டியிருந்த இடத்தில் 13 போதும் என்றது. இணையச் சதுரங்கத்திலோ 10 நிமிட ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே 3 நிமிட பிளிட்ஸும் 1 நிமிட புல்லட்டும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். கத்தரி ஒன்றுதான், வெட்டு வலிக்கும் இடம் வேறு.

கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் தொடக்கத்தின் கனம் கூடிவிட்டது. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியையும் கைத்துப்பாக்கியோடு தொடங்கிவைக்கும் பிஸ்டல் ரவுண்டு அன்றும் இரண்டு, இன்றும் இரண்டு. மொத்தத்தில் 15-இல் ஒரு பங்காக இருந்தது 12-இல் ஒரு பங்காகிவிட்டது. ஆயுதம் வாங்க ஆட்டப் பணமாக 800 டாலரோடு தொடங்கும் அந்த ரவுண்டைத் தோற்ற அணிக்கு, அடுத்த ரவுண்டிலும் 2700 டாலர் ஏகே-47 வழக்கமாக எட்டாது. எதிரணியின் சப்-மெஷின் கன்னுக்கு எதிரே மறுபடி கைத்துப்பாக்கியோடு நிற்க வேண்டியதுதான். ஒரு தோல்வி பெரும்பாலும் இரண்டாகிறது. மீண்டு வரவோ ஆறு ரவுண்டு குறைவு.

சதுரங்கத்தில் கனம் ஏறுவது கடைசியில். கூடுதல் விநாடி இல்லாத 3 நிமிட ஆட்டத்தில், ராணி மிஞ்சியிருப்பவரிடம் 4 விநாடிதான் மீதம் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி ஒற்றை யானையால் செக் கொடுத்தபடியே நேரத்தைக் கரைக்கிறார். பலகையில் வென்றவர் கடிகாரத்தில் தோற்கிறார்.

இத்தனை வேற்றுமைக்கு நடுவே ஓர் ஒற்றுமை வியப்பூட்டுகிறது. தட்டுப்பாட்டில் தவிப்பவருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு இரண்டிலும் இருக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் தொடர்ந்து தோற்கும் அணிக்கு ரவுண்டுக்கு 3400 டாலர் வரை தோல்வித் தொகை ஏறும். சதுரங்க வீரர் பாபி ஃபிஷர் வகுத்து, 1992-இல் ஸ்பாஸ்கியுடனான மறு ஆட்டத்தில் பயன்படுத்திய கடிகாரமோ நகர்வுக்கு நகர்வு விநாடி சேர்க்கும். 3 நிமிடத்தோடு நகர்வுக்கு 2 விநாடி சேரும் 3+2 ஆட்டத்தில் 40 நகர்வுக்கு 80 விநாடி கூடிவிடும். முன்னது தோற்றவருக்கு மட்டும். பின்னது இருவருக்கும் பொது. ஆனால் அந்த இரண்டு விநாடியின் அருமை நேரம் தீர்ந்தவருக்குத்தான் தெரியும்.

உலக பிளிட்ஸ் போட்டியே 3+2-இல்தான் நடக்கிறது. சுருக்கம் தவறில்லை, மீள வழியில்லாத சுருக்கமே தவறு. 24 ரவுண்டு இருக்கட்டும், தோல்வித் தொகையைக் குறைக்காத வரை. பிளிட்ஸ் ஆடுவோர் 3+0-ஐ விட்டு 3+2-க்கு வாருங்கள்.