சம் சார்பு (எஸ்.கியூ.எல்)

சம் சார்பு என்பது உறவுசார் தரவுத்தளத்தின் ஒரு நெடுவரிசையிலுள்ள எண்களைக் கூட்டித் தரும் எஸ்.கியூ.எல் திரள் சார்பு ஆகும். பி.எச்.பி மொழியில் எழுதப்படும் வலைச் செயலிகள் கூலி, இருப்பு, விற்பனை முதலியவற்றின் மொத்தத்தைக் கணக்கிட இதனைப் பயன்படுத்துகின்றன.

வரலாறு

எட்கர் காட் 1970 இல் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். ஐ.பி.எம் நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் ஆகியோர் 1974 இல் அதற்கேற்ற 'சீக்வெல்' என்னும் வினவல் மொழியை வெளியிட்டனர். பின்னர் எஸ்.கியூ.எல் எனப் பெயர் பெற்ற இம்மொழி 1986 இல் அமெரிக்கச் சீர்தரமாகவும் 1987 இல் பன்னாட்டுச் சீர்தரமாகவும் ஏற்கப்பட்டது. பி.எச்.பி-ஐ ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 இல் வெளியிட்டார்.

எடுத்துக்காட்டு

பட்டு நெசவு நடைபெறும் ஆரணி, சேத்துப்பட்டு வட்டாரத்தில் நெய்து கொடுத்த சேலைகளுக்கான கூலிக் கணக்கு ஒன்றைக் கொள்வோம். 'பட்டுவாடா' என்னும் அட்டவணையில் நான்கு நெசவாளர்களுக்கு நான்கு நிரைகள் உள்ளன. மூவரின் கூலி முறையே ரூ. 4,250.50, ரூ. 3,800.00, ரூ. 4,100.25 ஆகும், நான்காமவரின் கூலி இன்னும் பதியப்படவில்லை. இதற்கான வினவலை ஒலிப்பின்படி எழுதினால்:

செலக்ட் சம்(கூலி) ஃப்ரம் பட்டுவாடா

நடைமுறையில் கட்டளைச் சொற்கள் உரோம எழுத்துகளில் எழுதப்படும். விடை 12,150.75 ஆகும். 'வெயர்' கூறு குறிப்பிட்ட நிரைகளை மட்டும் தெரிவு செய்யும். 'குரூப் பை' கூறு நெசவாளர்வாரியாகத் தனித்தனி மொத்தம் தரும்.

எல்லா நிரைகளையும் பி.எச்.பி-க்குக் கொண்டுவந்து மடக்கு ஒன்றின் மூலம் கூட்டுவதும் இயலும். ஆயினும் தரவுத்தளத்திலேயே கூட்டினால் ஒரேயொரு எண் மட்டும் அனுப்பப்படுவதால் நேரமும் நினைவகமும் மிச்சமாகும்.

பிழை நேரும் இடங்கள்

வெற்று மதிப்பு: 'நல்' எனப்படும் வெற்று மதிப்பைச் சம் சார்பு விட்டுவிடும். சராசரி காணும் சார்பும் அவ்வாறே செய்வதால் மேற்கண்ட கணக்கில் சராசரி 4,050.25 என வரும். நால்வருக்கும் வகுத்தால் 3,037.69 ஆகும். பொருந்தும் நிரை எதுவும் இல்லையெனில் விடை சுழியன்று, 'நல்' ஆகும். சுழி தேவைப்படின் 'கோஅலெஸ்' சார்பு பயன்படும்.

அட்டவணை இணைப்பு: ரூ. 3,800 கூலி பெறும் நெசவாளருக்கு முன்பண அட்டவணையில் இரு நிரைகள் இருப்பின், இரு அட்டவணைகளையும் இணைத்துக் கூட்டும்போது அவரது கூலி ரூ. 7,600 எனக் கணக்கிடப்படும். எனவே முன்பணத்தைத் தனியே கூட்டிய பின்னரே இணைக்க வேண்டும்.

'லிமிட்' கூறு: இது விடையின் நிரைகளையே வரம்பிடும்; கூட்டப்படும் நிரைகளை அன்று.

பின்னங்கள்: மிதவைப் புள்ளி எண்களில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் மிகச் சரியாக 0.3 கிடைப்பதில்லை. ஆகவே பணத்தொகைக்கு 'டெசிமல்' தரவு வகையே ஏற்றது. மை.எஸ்.கியூ.எல் இவ்வகை மொத்தத்தைப் பி.எச்.பி-க்குச் சரமாக அளிக்கும். அதனுடன் நேரடியாகக் கூட்டல் குறி இட்டால் பின்னமுள்ள தொகை மீண்டும் மிதவைப் புள்ளி எண்ணாகும். இதனைத் தவிர்க்க 'பி.சி.மேத்' நீட்சி உதவும்.

பி.எச்.பி-யில் இணைத்தல்

பழைய மை.எஸ்.கியூ.எல் நீட்சி 2015 இல் வெளியான பி.எச்.பி 7.0 பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய நூல்களிலுள்ள நிரல்கள் பல இதனால் இயங்குவதில்லை. அதற்கு மாற்றாக மை.எஸ்.கியூ.எல்.ஐ, பி.டி.ஓ ஆகியவை பயன்படுகின்றன. பயனர் உள்ளிடும் பெயர், தேதி முதலியவற்றை வினவலில் நேரடியாக ஒட்டாமல் முன்தயாரித்த கூற்றுகள் வழியாகச் செலுத்தினால் எஸ்.கியூ.எல் ஊடுருவல் தாக்குதலைத் தடுக்கலாம்.