அழியும் காணொளி, அழியாத அடையாளம்: காவல்துறை வன்முறைக்கான சாட்சியங்களைக் காத்தல்

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தனர். அங்கு விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், வன்தட்டில் போதிய இடமிருந்தும் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிடில் ஓராண்டேனும் காக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை தேவையானதே. ஆயினும் குற்றம் சாட்டப்படக்கூடியவரே சாட்சியத்தின் காவலராகவும் இருக்கும் நிலை அதனால் மாறிவிடவில்லை.

எனவேதான் பொதுமக்களின் கைப்பேசிப் பதிவு முதன்மை பெறுகிறது. 2025இல் மடப்புரம் கோயில் காவலாளி இறந்த வழக்கில், மறைந்திருந்து ஒருவர் எடுத்த காணொளியே தாக்குதலை வெளியுலகுக்குக் காட்டியது. ஆனால் கைப்பேசி பறிக்கப்படலாம்; சமூக ஊடகத்தில் ஏற்றியதும் நீக்கப்படலாம். சிரியப் போர்க்குற்றங்களைக் காட்டிய எண்ணற்ற காணொளிகளை 2017இல் யூடியூபின் தானியங்கி முறை நீக்கியது.

இங்கே பரவலாக்கப்பட்ட தொழில்நுட்பம் என்ற பெயரில் இரு வேறு வேலைகள் குழப்பப்படுகின்றன. ஒன்று, காணொளியைச் சேமிப்பது. ஐ.பி.எப்.எஸ். வலையமைப்பில் ஒரு கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கிறது. எவரேனும் திருத்தினால் முகவரியே மாறிவிடும். ஆனால் எந்தக் கணினியும் அக்கோப்பைத் தொடர்ந்து வைத்திருக்க முன்வராவிட்டால் அது மறைந்துபோகும். மற்றொன்று, காணொளி மாற்றப்படவில்லை என்று நிறுவுவது. கோப்பிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் என்னும் எண்ணெழுத்துக் கோவை அதன் கைரேகை போன்றது. ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்னும் இலவசக் கருவி, அக்கைரேகையைப் பிட்காயின் பதிவேட்டுடன் பிணைக்கிறது. காணொளி யாரிடமும் செல்வதில்லை. அந்நாளுக்கு முன்பே அக்கோப்பு இருந்தது என்பதற்கு எந்தக் காவல் அதிகாரியாலும் அழிக்கவியலாத சான்று மட்டும் எஞ்சும். காட்சி உண்மையானது என்று அது சொல்லாது. அதற்கு எடுத்தவரின் வாய்மொழியே வேண்டும்.

நம் சூழலில் இரண்டாவதே பாதுகாப்பானது. வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் பெரும்பாலும் எதிரிகளின் ஊரிலேயே வாழ்கின்றனர். பொது வலையமைப்பில் அவர்களின் முகம் ஒருமுறை பரவிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. சேமித்தே ஆக வேண்டுமெனில், மறைகுறியாக்கம் செய்த பின்னரே சேமிக்க வேண்டும். திறவுகோல் வழக்கறிஞரிடமும் நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடமும் இருக்கட்டும்.

நீதிமன்றம் கேட்பது வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோருகிறது. அதன் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பைக் குறிக்க இடமுண்டு. நிபுணர் ஒப்பமும் வேண்டும் என்பது ஏழை மனுதாரருக்குக் கூடுதல் சுமையே. பிட்காயின் பதிவு இச்சான்றிதழுக்கு மாற்றாகாது, துணையாகும். மேலும், வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும், கைரேகை பொருந்தாது. ஆகவே படம்பிடித்த மூலக்கோப்பை அப்படியே நகலெடுத்து, ஹாஷைக் கணக்கிட்டு, கைப்பேசியையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். காவல்துறை அதைக் கைப்பற்றினால், கைப்பற்றுதல் மகஜரில் ஹாஷ் மதிப்பைக் குறிக்குமாறு எழுத்துமூலம் கோருவது நல்லது. அவர்கள் மறுத்தால், அம்மறுப்பையே அடுத்த மனுவில் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லலாம்.