லயத்துக் காம்பிராவுக்கு வந்த தரங்கம்பாடி

பதுளை மாவட்டத்தின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டடங்களிலிருந்தே தொடங்குகின்றனர். யானை வேட்டைக்குப் பேர்போன மேஜர் ரோஜர்ஸ் 1845ல் மின்னல் தாக்கி இறந்ததும், அவர் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு ஆலயம் எழுந்ததும் எல்லோரும் அறிந்த கதை. ஹப்புத்தளையில் தோட்டத் துரைமார் வழிபட்ட கற்கோயிலைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி இல்லை. கருங்கல் நிற்கும், ஆகவே அதைப் பற்றி எழுதுவது எளிது. ஆனால் இந்த மலைகளில் கொழுந்து பறித்த தமிழர்களின் கிறிஸ்தவம் அந்தக் கோயில்களுக்குள் தொடங்கவில்லை. அது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிராக்களில், வேலை முடிந்து வந்த பின் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றிக் கூடிய கூட்டங்களில் வளர்ந்தது. அதற்குக் கல்வெட்டு இல்லை.

பண்டாரவளையையும் பூனாகலையையும் பசறையையும் சுற்றிச் செய்தி சேகரித்துத் திரிந்த ஆண்டுகளில் இத்தகைய வீட்டு ஜெபக் கூட்டங்களின் ஓரத்தில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். ஒருவர் வேதப் பகுதியை வாசிப்பார், இன்னொருவர் தமக்குத் தெரிந்த அளவில் விளக்கம் சொல்வார், பின் கீர்த்தனை. நடத்துபவர் குருவானவர் அல்லர். கணக்கப்பிள்ளையாகவோ, தோட்டப் பாடசாலை ஆசிரியராகவோ, பல வேளைகளில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணாகவோ இருப்பார். இந்த முறையை எங்கிருந்து பெற்றீர்கள் என்று கேட்டால், "அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்" என்பதே பதில். அந்த அப்பா காலத்துக்கு முன்னால் எவ்வளவு தூரம் போகலாம் என்று தேடிப் போனதில் வந்து நின்ற இடம் தரங்கம்பாடி. அதற்கும் அப்பால் ஜெர்மனி.

மார்ட்டின் லூத்தர் 1526ல் ஜெர்மன் மொழி வழிபாட்டு முறையை வெளியிட்டபோது அதன் முன்னுரையில் ஒரு யோசனை சொன்னார். கோயிலில் எல்லோரும் கூடும் பொது வழிபாடு இருக்கட்டும். மெய்யாகவே கிறிஸ்தவராக வாழ விரும்புவோர் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டு ஒரு வீட்டில் கூடி வாசிக்கலாம், ஜெபிக்கலாம், ஏழைகளுக்கு உதவலாம் என்பது அது. அதற்கு ஏற்ற ஆட்கள் இன்னும் தம்மிடம் இல்லை என்றும் அவரே எழுதி, அந்த யோசனையை அப்படியே விட்டுவிட்டார். ஆயினும் 1529ல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்கவென்றே எழுதப்பட்டது. விட்ட யோசனையை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கையில் எடுத்தவர் பிலிப் ஸ்பேனர். 1670ல் பிராங்க்ஃபர்ட் நகரில் தம் இல்லத்தில் வேதம் படிக்கும் கூட்டங்களைத் தொடங்கினார். அவர் வழிவந்தவர் ஹாலே நகரின் பிராங்கே. அந்த ஹாலேயில் பயின்றவர்களே 1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும்.

வந்தவர்களுக்குக் கோயில் இல்லை. டேனிஷ் கோட்டையின் அதிகாரிகள் அவர்களை விரும்பவும் இல்லை. ஊரிலிருந்த வயோதிகத் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் பள்ளியையே தங்கள் வீட்டுக்கு மாற்றச் செய்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார்கள். முதல் திருமுழுக்கு 1707 மே மாதம். முதற் கோயில் அதே ஆண்டு ஆகஸ்டில். வீடே முந்தியது. சீகன்பால்கைத் தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியாகப் போற்றும் நம்மவர்கள் இந்த வீட்டை மறந்துவிடுகின்றனர்.

அச்சும் வீடும் இணைந்த கதை அதைவிடச் சுவையானது. 1714ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சேறின. தஞ்சாவூர் மராட்டிய மன்னரின் நாட்டுக்குள் மிஷனரிமார் விரும்பியபடி நுழைய முடியாது. ஆனால் புத்தகம் நுழைந்தது. 1720களில் அதன் படியொன்று தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரனாக இருந்த இராஜநாயக்கனின் கையில் கிடைத்தது. அவர் கத்தோலிக்கக் குடும்பத்தவர், பறையர் சமூகத்தவர், வாலிபரான பின்னரே எழுத்தறிந்தவர். படித்தார், உறவினருக்கும் உடன் படைவீரருக்கும் படித்துக் காட்டினார். தரங்கம்பாடிக்கு எழுதினார். பின்னர் படையை விட்டு உபதேசியாராகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தார். வெள்ளைக்கார மிஷனரி கால் வைக்க முடியாத ஊர்களில் சபை உருவாயிற்று என்றால், அது இவரைப் போன்றோர் வீடு வீடாக உட்கார்ந்து வாசித்ததனால்தான். கடுமையான எதிர்ப்பும் வந்தது.

1733 டிசம்பர் 28ஆம் திகதி முதல் தமிழ்க் குருவுக்கு அபிஷேகம் நடந்தபோது அந்தப் பேறு ஆரோனுக்குக் கிடைத்தது. ஆரோன் கடலூர் வேளாளர்; தகுதியுள்ளவர்தான். இராஜநாயக்கனின் பெயரும் குருத்துவத்துக்கு எண்ணப்பட்டது. ஆனால் மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை பெற மாட்டார்கள் என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டது. வீட்டில் கூட்டம் நடத்தச் சாதி தடையாக இல்லை. கோயிலில் அப்பம் பிட்கத் தடையாக இருந்தது. மலையகத்து வாசகர் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து பண்டாரவளைக்கு நேர்ப் பாதை இல்லை. பாதை திருநெல்வேலி வழியாகச் சுற்றி வருகிறது. ஹாலேயிலிருந்து வந்த சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் இருந்தபடியே தென்கோடியையும் கவனித்தவர். 1760ல் இலங்கைக்கும் வந்து சென்றவர். 1778ல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவைக்கு அவர் திருமுழுக்குக் கொடுத்தார். 1780ல் அங்கிருந்த சபையின் முதற் பதிவேட்டில் நாற்பது பேர். 1785ல் குளோரிந்தாவின் முயற்சியால் ஒரு சிறு கோயில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பெண்ணைச் சுற்றியே அந்தக் கூட்டம் கூடி நின்றது. 1790ல் குருவாக அபிஷேகம் பெற்ற சத்தியநாதன் அங்கே பணியாற்றினார். பின்னர் 1820ல் வந்த ரேனியஸ் பிரஷ்ய நாட்டு லூத்தரன். ஊழியம் செய்ததோ ஆங்கிலிக்கச் சங்கமான சி.எம்.எஸ்ஸின் கீழ். கிராமந்தோறும் ஓர் உபதேசியார், காலையும் மாலையும் ஜெபம், பாளையங்கோட்டையில் உபதேசிமாருக்குப் பயிற்சி என்று அவர் அமைத்த ஒழுங்கு திருநெல்வேலியின் முகத்தையே மாற்றியது. 1835ல் தம் உபதேசிமாருக்குக் குருப்பட்டம் தரும் விடயத்தில் சங்கத்தோடு முரண்பட்டுப் பிரிந்தார், 1838ல் மறைந்தார். அவருடைய உழைப்பின் பலன் ஆங்கிலிக்கத் திருச்சபையில் போய்ச் சேர்ந்தது. பெயர் மாறியது, மாலை ஜெபம் மாறவில்லை.

1854ல் கண்டியைத் தளமாகக் கொண்டு, கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கென சி.எம்.எஸ். ஒரு மிஷனைத் தொடங்கியது. அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. அந்தப் பெயரில் உள்ள இழிவை அக்காலத்தில் எவரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. துரைமார் செலவில் பெரும்பகுதியைக் கொடுத்தனர். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். ரேனியஸ் வகுத்த ஒழுங்கில் வளர்ந்த சபைகளின் பிள்ளைகள் அவர்கள். லூத்தரன் வீட்டுக்கூட்டம் ஆங்கிலிக்கச் சட்டை அணிந்து மலையேறியது என்று நான் சொல்வது இதனால்தான். பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894ல். அதற்கு முந்திய உபதேசியார் ஊவாவின் தோட்டங்களுக்குக் கால்நடையாகவே வந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் மெதடிஸ்தரும் ஊவாவில் முனைந்து பணியாற்றினர். லூத்தரன் என்ற பெயரிலேயே தேயிலைத் தோட்டத் தமிழரிடையே சபைகள் எழுந்தது இருபதாம் நூற்றாண்டில். அதற்குள் அதன் முறை இங்கே பழகிப்போயிருந்தது.

அந்த முறை தோட்டத்தில் ஏன் வேரூன்றியது? அதிகாலையில் பிரட்டுக்களம், மாலை வரை மலை, பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஞாயிறன்று பத்து மைல் நடந்து கோயிலுக்குப் போகக்கூடியவர் சிலரே. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. லயத்தில் ஓர் எழுத்தறிந்தவரும் ஒரு வேதப் புத்தகமும் இருந்தால் போதும். புத்தகமும் இல்லாவிட்டால் பாட்டு இருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் வளர்த்தெடுத்த பிள்ளை. அவருடைய கீர்த்தனைகளைச் சபை வேறுபாடின்றி எல்லோரும் பாடினர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் அவற்றை மனப்பாடமாகப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தனர்.

இதை ஒரேயடியாகப் புகழவும் நான் தயாரில்லை. அதே சாஸ்திரியார் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஆதரித்து வாதாடியவர். தோட்டத்து லயங்களும் சாதி பார்த்தே பங்கிடப்பட்டன. ஆகவே லயத்தில் கூடிய கூட்டம் பல இடங்களில் ஒரே சாதியின் கூட்டமாக முடங்கியது. அன்றியும், உபதேசியார் தோட்டத்துக்குள் வந்தது துரையின் அனுமதியோடு. அத்துமீறல் சட்டத்தைக் காட்டி வெளியாரைத் தடுத்த துரைமார் அவரை உள்ளே விட்டதற்குக் காரணம் பக்தி மட்டும்தானா? குடிக்காத, கடன்படாத, சொன்னபடி கேட்கும் தொழிலாளி வேண்டும் என்பதும்தான். எங்கள் பத்திரிகைத் தொழிலின் மூத்தவரான கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் அமைக்கப் புறப்பட்டபோது புடவை வியாபாரி வேடத்தில் லயத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. வேதப் புத்தகத்துக்குத் திறந்த கதவு துண்டுப் பிரசுரத்துக்குத் திறக்கவில்லை.

எனினும் வீட்டுக் கூட்டத்தை எந்த அதிகாரமும் முழுமனதாக நம்பியதில்லை. தரங்கம்பாடி மிஷனைப் பேணிய டென்மார்க்–நோர்வே அரசே 1741ல், குருவின் அறிவும் மேற்பார்வையும் இன்றிச் சாதாரண மக்கள் வீடுகளில் வழிபாட்டுக் கூட்டம் நடத்துவதைத் தடுத்துக் கட்டளை பிறப்பித்தது. அரசர் லூத்தரன், மக்களும் லூத்தரன், தடையோ லூத்தரன் கூட்டத்துக்கு! அதே காலத்தில் அந்த அரசின் கொடி பறந்த தரங்கம்பாடியின் பெயரால் இராஜநாயக்கன் தஞ்சைக் கிராமங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். நோர்வேயில் ஹான்ஸ் நீல்சன் ஹௌகே என்ற விவசாயி மகன் அந்தக் கட்டளையின் கீழ் 1804ல் கைதாகிப் பல ஆண்டுகள் சிறையிருந்தார். அது நீக்கப்பட்டது 1842ல்.

நம் நாட்டில் 2004ல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்து, நிறைவேறாமல் போனது. 2008ல் மத விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு, புதிய வழிபாட்டுத் தலம் கட்டுவதற்கு முன்அனுமதி தேவை என்று சுற்றுநிருபம் அனுப்பியது. கட்டடத்தைப் பற்றிய அந்தத் தாளைக் காட்டி, வீட்டில் நடந்த ஜெபத்தையும் நிறுத்தச் சொன்ன அதிகாரிகளும் பொலிஸாரும் உண்டு. பத்துப் பேர் கூடிய வரவேற்பறை எந்த நிமிடத்தில் வழிபாட்டுத் தலமாகிறது என்று அதில் எழுதியிருக்கவில்லை. புதிதாக முளைத்த சில குழுக்கள் அயலவரின் மனம் நோகப் பேசியதும் உண்மை, நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்காக, மூன்று தலைமுறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு கீர்த்தனை பாடும் ஒரு தோட்டக் குடும்பம் பிரதேச செயலாளரிடம் அனுமதிக்கு நிற்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது.

இக்கூட்டங்களை உண்மையில் கலைத்தது மதம் சார்ந்த சட்டம் அன்று. 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஜெபம் நடத்தியவர் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார். பாட்டுத் தெரிந்தவர் இங்கே நின்றார். சில லயங்களில் விளக்கு ஏற்ற ஆளில்லாமல் போனது. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறப்பை நிரூபிக்கக் கடதாசி கேட்ட அந்தக் காலத்தில் பெட்டியைத் திறந்து பழைய வேதப் புத்தகத்தை எடுத்துக் காட்டிய குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அதன் முன்பக்கத்து வெற்றுத் தாளில் மாலை ஜெபம் நடத்திய கை எழுதிய வரிகள்: பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தோட்டத்தின் பெயர், திருமுழுக்குக் கொடுத்த ஆண்டு. சில பெயர்களுக்கு எதிரே இறந்த நாளும் இருக்கும். ஒன்றில், பெயருக்கு எதிரே கப்பல் ஏறிய நாள் எழுதப்பட்டிருந்தது.