தேர்தல் செலவும் கணக்கும்

தேர்தலில் வாக்கை எண்ணினாற் போதாது. பணத்தையும் எண்ணுதல் வேண்டும். இதை மக்களாட்சி நாடுகள் பட்டறிந்தே கற்றன. பிரிட்டனில் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்பாளர் செலவுக்கு வரம்பு கட்டிற்று. அந்நெறியைத் தழுவி மலாயாவில் 1954-இல் தேர்தல் குற்றச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு ஜூலை 27-இல் கூட்டரசின் முதற் பொதுத்தேர்தல் 52 இடங்களுக்கு நடைபெற்றது.

தேர்தல் முடிவு அரசிதழில் வெளியான 31 நாளுக்குள் வேட்பாளர் தரப்பினர் செலவுக் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும் என்பது இச்சட்டத்தின் விதி. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் செலவு வரம்பை நாடாளுமன்றத் தொகுதிக்கு 50,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளியாகவும், சட்டமன்றத் தொகுதிக்கு 30,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளியாகவும் உயர்த்தியது.

1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் சிலாங்கூரினின்று பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அதன்பின் பிரிக்பீல்ட்ஸ் வாக்காளர் சட்டமன்ற வாக்கை இழந்தனர். கிள்ளான் வாக்காளருக்கோ இரு வாக்கும் நிலைத்தன. 2023-இல் சிலாங்கூர்ச் சட்டமன்றத்தின் 56 இடங்களுக்குத் தேர்தல் வந்தது. எல்லா இடத்திலும் போட்டியிடும் கூட்டணி ஒன்றன் வேட்பாளர்கள் செலவிடத்தக்க தொகை மொத்தம் 56 இலட்சம் வெள்ளி. ஆனால் இவ்வரம்பு வேட்பாளரையும் அவர்தம் முகவரையுமே கட்டும். கட்சியின் கருவூலத்தைக் கட்டாது.

இவ்விடைவெளி எத்துணைப் பெரிது என்பதை நாடு 2015-இல் கண்டது. 2013 பொதுத்தேர்தலுக்கு முன் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்கிற்கு 260 கோடி வெள்ளி வந்த செய்தி வெளிப்பட்டது. அதனை நன்கொடை என்றனர். கட்சி நிதியை ஒழுங்குபடுத்த அமைந்த தேசிய ஆலோசனைக் குழு 2016-இல் 32 பரிந்துரைகளை வெளியிட்டது.

அமெரிக்காவில் 1943-இல் ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பு அரசியல் செயற்குழு அமைத்துத் தொழிலாளரிடம் நிதி திரட்டியது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய குழுக்களையும் வரவு செலவை வெளியிடச் செய்தது. வேட்பாளருக்குப் புறத்தே நின்று செலவிடுவோரும் கணக்குக் காட்டல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

இக்கருத்து தமிழருக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அச்சபை பிராமணர்க்கே உரியது. நிலமும் கல்வியும் உடையாரே வாரியத்திற்குத் தகுதியுடையர். ஆயினும் அதன் விதியொன்று நோக்கத்தக்கது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது; அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது. பொதுப்பணம் உறவினர் கையிலும் மறையும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

இக்காலத்து வேட்பாளருக்குக் கட்சியே நெருங்கிய உறவு. அதன் கணக்கையும் உடன் கேட்டாலன்றி, 31 நாளுக்குள் வந்து சேர்வது பாதிக் கணக்கே.