பந்தற்காலும் பல கைகளும்

திருமணம் என்றவுடன் நகரவாசிகளாகிய நம் நினைவுக்கு முதலில் வருவது மண்டபத்தின் வாடகை. அடுத்து வருவது ஒப்பந்தக்காரரின் பட்டியல். பந்தல், பூ அலங்காரம், பந்தி யாவும் அப்பட்டியலுள் அடங்கிவிடுகின்றன. ஆனால் மணவீட்டை உற்றாரும் நண்பரும் தம் கைகளாலேயே அணிசெய்த காலந்தான் தமிழர் வரலாற்றில் நெடியது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது, தாய்நாட்டு எல்லைக்கு அப்பால் வாழும் நமக்குப் பயன் தருவதாகும்.

சங்க நூலான அகநானூற்றில் இரு பாடல்கள் (86, 136) பண்டைத் திருமணத்தை நமக்குக் காட்டுகின்றன. முதற்பாட்டில், வரிசையாகக் கால் நட்ட குளிர்ந்த பந்தலின்கீழ்ப் புதுமணல் பரப்பப்படுகிறது. விளக்கேற்றி, மாலைகள் தொங்கவிடப்படுகின்றன. உழுந்து கலந்து சமைத்த சோறு வந்தோர்க்கெல்லாம் வழங்கப்படுகிறது. முதிய பெண்டிர் நீர்க்குடங்களையும் கலங்களையும் முறையாக எடுத்துத் தர, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். இரண்டாம் பாட்டிலோ வாகை இலையும் அறுகும் வெண்ணூலோடு சேர்த்து மணமகளுக்குச் சூட்டப்படுகின்றன. மணல், இலை, நூல், நெல், பூ என்று அங்கே வருவன யாவும் ஊரைச் சுற்றிக் கிடைத்தவையே என்பதையும், பணி செய்வோர் யாவரும் அவ்வூராரே என்பதையும் நாம் கருதவேண்டும்.

அம்முறை சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. பந்தற்கால் நட்ட நாள் முதல் மணவீடு ஊர்ப் பொதுவீடாகிவிடும். ஆடவர் மூங்கில் கட்டிக் கீற்று வேய்வர். குலை தள்ளிய வாழையை ஒருவர் தோட்டம் தரும், பெரிய அண்டாவை மற்றொருவர் வீடு தரும். பெண்டிர் கூடி அமர்ந்து மாவிடிப்பர், முறுக்குச் சுற்றுவர், மாக்கோலமிடுவர். இளைஞர் குருத்தோலையைக் கிழித்துத் தோரணம் பின்னுவர். பணமாக வரும் மொய் குறிப்பேட்டில் ஏறும். உழைப்பாக வந்த மொய்யோ நினைவில் எழுதப்பட்டு, அடுத்த வீட்டுத் திருமணத்தில் திருப்பிச் செலுத்தப்படும்.

1911-இல் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டு, 1931-இல் புது தில்லி திறந்துவைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களை நாடித் தமிழர் பலர் வடக்கே வந்தனர். 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி அவர்களை ஊரோடு இணைத்தது. எனினும் சென்னைக்கும் தில்லிக்கும் இடையிலுள்ள தொலைவு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். மாமனும் அத்தையும் வந்து சேரலாம். பந்தல் வேயும் ஊரார் வர இயலுமோ? அவ்விடத்தை நிரப்பியவர்கள் அண்டை வீட்டாரும் அலுவலக நண்பருமே.

பொருள்களுக்கும் அவ்வாறே மாற்றுக் கிடைத்தது. குருத்தோலை இல்லாத ஊரில் மாவிலையும் நெட்டிலிங்க இலையும் தோரணமாயின. வடநாட்டார் தம் வாயிலில் கட்டுவதும் இவ்விலைகளையே. வாழையிலை அரிதான இடத்தில், புரசிலையைத் தைத்து அவர்கள் 'பத்தல்' என வழங்குவது நம் தையல் இலையன்றி வேறன்று. சங்கப் பாடலில் வரும் வாகையோ 'சிரிஸ்' என்னும் பெயரில் தில்லிச் சாலைகளிலும் நிற்கிறது.

நண்பரின் இடத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. சென்னை மாநிலம் 1967-இல் இயற்றிய இந்து திருமணத் திருத்தச் சட்டம், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு, அல்லது தாலி கட்டிச் செய்யும் மணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. ஆயினும் அது அம்மாநிலத்துக்குரிய திருத்தம் என்பதை வெளிமாநிலத்தில் வாழ்வோர் மறத்தலாகாது. சடங்கின்றி இங்கு மணம் செய்ய விழைவோர்க்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் வேண்டும். அச்சாட்சிகள் உறவினராக இருக்கவேண்டுமென்பதில்லை.

நம் நண்பர் ஒருவர் இல்லத்தில் அண்மையில் நடந்ததை இங்குக் கூறுதல் தகும். ஒப்பந்தக்காரரின் பட்டியலைக் கண்டு, வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க அவர் விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். கையால் செய்யத்தக்கவற்றை அப்பட்டியலிலிருந்து அடித்துவிடுமாறு நாம் சொன்னோம். "பிறரிடம் எப்படி ஐயா கேட்பது?" என்று அவர் தயங்கினார். கடனுக்கு அஞ்சாதவர் உதவி கேட்க அஞ்சியது நமக்கு வியப்பளித்தது. இறுதியில் கேட்டார், மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மையார் கூடை நிறையச் சாமந்தியுடன் வந்து, நள்ளிரவு வரை சரம் கோத்தார். பிள்ளைகள் வண்ணத்தாள் கத்தரித்தனர்.

பிழையும் நேர்ந்தது. முந்திய நாள் காலையிலேயே நாம் கட்டிய மாவிலைத் தோரணம், தில்லியின் வறண்ட காற்றில் மாலைக்குள் சுருண்டுவிட்டது. இரவில் மீண்டும் இலை பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, விடியலில் கட்டினோம். இவ்வூரில் தோரணம் கட்ட அதுவே ஏற்ற நேரம் என்பதைப் பிந்தியே அறிந்தோம்.

மணமகளின் தாய்க்கு உடன்பிறந்த பெண்கள் இல்லை. நலங்கு வைக்கும் வேளையில் அவர் சுற்றுமுற்றும் பார்த்தபோது, அண்டை வீட்டு மகளிர் நால்வர் தாமே முன்வந்து நின்றனர். அவருள் இருவர்க்குத் தமிழ் தெரியாது. மறுவாரம் நண்பரைக் கண்டபோது அவ்விண்ணப்பம் என்னவாயிற்று என்று வினவினோம். அது இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது என்றார். மாடிவீட்டாரின் மகனுக்கு மார்கழி கழிந்ததும் திருமணமாம். பந்தி பரிமாறும் பொறுப்பை நாம் இருவரும் ஏற்றிருக்கிறோம்.